கக்கூஸ் அடைத்துக் கொண்டால்: முஸ்லிமின் கடமைகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

  

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

இந்த இதழில் நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கண்டதும் சிலர் முகஞ் சுளிக்கலாம். “தொழுகையைப் பற்றிப் பேசலாம், நோன்பைப் பற்றிப் பேசலாம், ஜக்காத்தைப் பற்றிப் பேசலாம், ஜமாஅத்துப் பத்திரிகையில் கக்கூஸைப் பற்றியும் ஒரு பேச்சா?” என்று கேட்கலாம். சகோதரர்களே! இந்தக் கேள்வி இன்று பிறந்ததன்று. ஸல்மானுல் ஃபாரிஸி (ரலி) அவர்களிடம் முஷ்ரிக்குகள் இதையேதான் பரிகாசமாகக் கேட்டார்கள்: உங்கள் நபி மலஜலம் கழிப்பதைக் கூடவா உங்களுக்குக் கற்றுத் தருகிறார் என்று. ஸல்மான் (ரலி) அவர்கள் வெட்கித் தலை குனியவில்லை. ஆம் என்று ஒப்புக் கொண்டு, கிப்லாவை நோக்கி உட்காரக் கூடாது, வலக்கையால் சுத்தம் செய்யக் கூடாது, மூன்று கற்களுக்குக் குறையக் கூடாது, சாணத்தையும் எலும்பையும் உபயோகிக்கக் கூடாது என்று தாங்கள் கற்றதை வரிசையாக எடுத்துச் சொன்னார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் பதிவான செய்தி. ஆகவே பைத்துல் கலாவின் விஷயம் மார்க்கத்துக்கு வெளியே இருப்பதன்று. மார்க்கத்தின் வாசற்படியிலேயே இருப்பது. ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். முதல் பாடம் தொழுகையன்று; சுத்தந்தான் முதல் பாடம்.

தொழுகை எங்கே தொடங்குகிறது?

தொழுகைக்கு ஒளு வேண்டும். ஒளுவுக்கு முன் இஸ்திஞ்சா வேண்டும். இஸ்திஞ்சாவுக்கு ஒழுங்கான இடமும் தண்ணீரும் வேண்டும். எனவே வீட்டில் கக்கூஸ் அடைத்துக் கொண்டு அழுக்கு நீர் மேலே வழிந்து நிற்குமானால், அந்த வீட்டாரின் தொழுகைக்கே இடைஞ்சல் வந்து விட்டது என்று அறிந்து கொள்ள வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் இரண்டு கப்ருகளைக் கடந்து சென்றபோது, அவற்றில் உள்ளவர்கள் வேதனை செய்யப்படுவதாகச் சொன்னார்கள். ஒருவர் கோள் சொல்லித் திரிந்தவர். மற்றவர் சிறுநீர் தம் மீது படாமல் பேணிக் கொள்ளாதவர். பின்பு பச்சை ஈத்த மட்டை ஒன்றை வாங்கி இரண்டாகப் பிளந்து இரு கப்ருகளிலும் நட்டார்கள். இந்த ஹதீஸைக் கேட்டு நாம் ஒவ்வொருவரும் நடுங்குகிறோம். ஆனால் வீட்டுக் கக்கூஸில் நீர் இறங்காமல் நிற்கும்போது, தெறிக்கும் என்று தெரிந்திருந்தும் “நாளைக்குப் பார்க்கலாம், ஆள் வரட்டும்” என்று இரண்டு நாள், மூன்று நாள் தள்ளிப் போடுகிறோம். அந்த நாட்களில் எத்தனை துளிகள் யார் யார் ஆடையில் தெறித்தன என்பதை யார் கணக்கிட்டார்கள்?

நம் ஊர் மண்ணின் இயல்பு

பெக்கான் நானாஸ் என்ற பெயரே அன்னாசிப் பட்டணம் என்பதுதான். அன்னாசி செழிக்கும் பொந்தியான் வட்டாரத்து மண்ணில் பெரும்பகுதி கறுத்த, புளிப்பான, பஞ்சு போன்ற சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலை தழைகள் நீரில் ஊறிச் சேர்ந்து உண்டான மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் இந்த மண் வருஷா வருஷம் கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மண் இறங்கினால் அதில் புதைத்த குழாயின் சாய்வும் மாறும். சாய்வு மாறினால் கழிவு ஓடாமல் நடுவழியில் தங்கும். மழைக் காலத்திலோ நிலத்தடி நீர் மேலே ஏறி விடும். அப்போது கழிவுத் தொட்டியின் நீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் வீட்டுக்கே திரும்பி வரும்.

முற்காலத்தில் தோட்டத்து லயங்களிலும் கம்பங்களிலும் குழிக் கக்கூஸும் வாளிக் கக்கூஸும் இருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பக்கத்துச் சிங்கப்பூரிலேயே வாளி எடுக்கும் முறை 1987ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நின்றது. இன்று நம் வீடுகளில் பீங்கானும் குழாயும் வந்து விட்டன. இந்தப் பீங்கானின் அடியில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழேயுள்ள நாற்றம் மேலே வராமல் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்து வந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775ஆம் ஆண்டில் இந்த வளைவுக்கு உரிமை பெற்றார். அடைப்பு பெரும்பாலும் இந்த வளைவிலேதான் உண்டாகிறது. இதை அறிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடைப்பை நீக்கும் முறை

முதலாவது, நீர் இறங்கவில்லை என்று கண்டதும் மறுபடியும் தொட்டி நீரைத் திறந்து விடாதீர்கள். இரண்டாம் முறை திறப்பதால்தான் பெரும்பாலும் தரையெல்லாம் வழிகிறது. சுவரோரம் உள்ள திருகை மூடி விடுங்கள்.

இரண்டாவது, கையுறை அணிந்து கொண்டு, அதிகப்படியான நீரைப் பழைய வாளியொன்றில் அள்ளி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் துணி, காகிதம் முதலியவற்றை வெளியே எடுங்கள்.

மூன்றாவது, மரப்பிடி போட்ட ரப்பர்க் கிண்ணத்தைத் துவாரத்தின் மீது சரியாகப் பொருத்துங்கள். ரப்பர் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அழுத்தினால் பயனில்லை, தண்ணீரைத்தான் அழுத்த வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக இருக்கட்டும். இல்லையேல் முகத்தில் தெறிக்கும். பின்பு பதினைந்து இருபது முறை அழுத்தி இழுங்கள். அழுத்துவதை விட இழுப்பதில்தான் அடைப்பு இளகும்.

நான்காவது, அதற்கும் இளகவில்லையானால், பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, ஒரு வாளி வெதுவெதுப்பான நீரை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் கூடாது. பீங்கான் வெடித்து விடும். அதன் பிறகும் அடைப்பு நின்றால், சுருள் கம்பியை உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுக்க வேண்டும்.

ஐந்தாவது, கக்கூஸில் நீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்திலும் கொடகொட என்று சத்தம் கேட்குமானால், அடைப்பு பீங்கானில் இல்லை. வெளிக்குழாயிலோ கழிவுத் தொட்டியிலோ இருக்கிறது. அப்போது கழிவை உறிஞ்சியெடுக்கும் லாரியை அழைப்பதே வழி. கழிவுத் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். வீடு கட்டிய நாள் முதல் ஒரு முறையும் திறக்காத தொட்டிகள் எத்தனையோ வீடுகளில் உண்டு.

மருந்து ஊற்றுவோர் கவனத்துக்கு

“ஊற்றினவுடன் கரைந்து போகிற மருந்து இருந்தால் கொடுங்கள்” என்று கடைக்கு வந்து கேட்போரை நாம் அன்றாடம் பார்க்கிறோம். காஸ்டிக் சோடாவை வாங்கிச் செல்வோர் அறிய வேண்டியது யாதெனில், அது தண்ணீர் பட்டதும் சூடேறிக் கொதிக்கும். சோடாவைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட வேண்டுமேயன்றி, சோடாவின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. வெளுக்கும் குளோரின் நீரையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷக் காற்று கிளம்பும். மருந்து ஊற்றிய பிறகு ரப்பர்க் கிண்ணத்தால் குத்தவும் கூடாது. நம் உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்து. அதை அவசரத்தினால் பாழாக்க நமக்கு அனுமதியில்லை.

தரை வழிந்து விட்டால்

இங்கேதான் நம்மில் பலர் கவனக் குறைவாக இருக்கிறோம். கக்கூஸ் நீர் தரையில் வழிந்தவுடன், வாளியில் வாசனை நீரைக் கலந்து, துடைக்கும் துணியை அதில் முக்கி முக்கித் துடைத்து விட்டுச் சுத்தமாகி விட்டது என்று எண்ணுகிறோம். மணம் வருகிறது, உண்மை. ஆனால் நஜீஸ் நீங்கியதா? ஷாஃபி மத்ஹபில் நஜீஸை நீக்குவது தூய தண்ணீர்தான். நஜீஸ் பட்ட துணியைக் கொஞ்சம் நீருள்ள வாளியில் முக்கினால் அந்த வாளி நீர் முழுதும் நஜீஸாகும். அதைக் கொண்டு துடைத்தால் ஒரு மூலையில் இருந்த நஜீஸை வீடு முழுதும் பரப்பியதாகும்.

ஆகவே முதலில் அசுத்தத்தின் பொருளை எடுத்து விட்டு, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு அந்த இடத்தின் மீது தூய நீரை ஊற்றி ஓட விடுங்கள். நிறமும் வாடையும் சுவையும் போய் விட வேண்டும். அதன் பின் வாசனை நீரோ கிருமி கொல்லும் நீரோ தாராளமாக உபயோகிக்கலாம். குளியலறையும் கக்கூஸும் ஒன்றாக உள்ள வீடுகளில், பக்கத்திலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் தெறித்ததா என்றும் பாருங்கள். இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால், நிறம் மாறாவிட்டாலும் அது ஒளுவுக்கு உதவாது. ஹனஃபி மத்ஹபினருக்குச் சட்ட விவரங்களில் வித்தியாசம் உண்டு. அவரவர் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பது நலம். அதே சமயம், இல்லாத நஜீஸை இருப்பதாக எண்ணி வஸ்வாஸில் விழுந்து தண்ணீரை வீணாக்குவதும் கூடாது. கிராமத்து அரபி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்து விட்டபோது, ஸஹாபாக்கள் அவரை அதட்ட எழுந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, அவரை முடிக்க விடுங்கள் என்று தடுத்து, பிறகு ஒரு வாளித் தண்ணீரை அதன் மீது ஊற்றச் சொன்னார்கள். அவ்வளவுதான். கோபமில்லை, கூச்சலுமில்லை, காரியம் முடிந்தது. வீட்டில் சிறு பிள்ளை எதையாவது போட்டு அடைத்து விட்டால் அடிக்க ஓடும் தகப்பன்மார் இதைக் கவனிப்பார்களாக.

யாருடைய வேலை?

“ஆண்பிள்ளை கக்கூஸில் கை வைப்பதா?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கணவர் கடைக்குப் போய் விடுவார். மகன் வேலைக்குப் போய் விடுவான். வீட்டிலே இருக்கும் தாயும் மருமகளும் அந்த நாற்றத்தோடு அந்தி வரை கிடப்பார்கள். ஆண்களுக்குப் பள்ளிவாசல் உண்டு, காப்பிக் கடை உண்டு. பெண்கள் எங்கே போவார்கள்? கர்ப்பிணியும், முழங்கால் வலிக்கும் கிழவியும், பருவம் வந்த பெண்ணும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு அடக்கிக் கொண்டு இருக்கிறார்கள். அதனால் வரும் நோய்கள் கொஞ்சமல்ல.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாருக்கு ஊழியம் செய்து கொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னையவர்கள் சொன்னார்கள். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். தம் ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டார்கள். நபிமார்களின் தலைவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? ஆகவே இது வீட்டு ஆண்மகனின் வேலை. கையுறையை எடுத்து மாட்டிக் கொண்டு அவரே இறங்கட்டும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், தன் தாய் நடக்கும் பாதையின் தொல்லையை அகற்றுவதற்கு எவ்வளவு நன்மை இருக்கும்!

கூலிக்கு வருபவரின் உரிமை

நம்மால் முடியாத வேலைக்கு ஆள் அழைக்கிறோம். வருபவர் தமிழரோ, வங்காளியோ, இந்தோனேசியரோ, யாராயினும் அவர் நம்மைப் போன்ற ஆதமின் மகன். அவருக்கு ஒடுக்கு விழுந்த குவளையில் தனியாகத் தண்ணீர் கொடுப்பதும், சாதிப் பெயரைச் சொல்லிப் பேசுவதும், வேலை முடிந்ததும் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பதும் இஸ்லாமிய நடத்தையன்று. வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஹதீஸ் நமக்குக் கற்பிக்கிறது. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுத்த மாது ஒருவர் இறந்து போனார். சாதாரண ஆள்தானே என்று எண்ணி ஸஹாபாக்கள் நாயகத்துக்கு அறிவிக்காமலே அடக்கி விட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தேடி விசாரித்து, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். குப்பை அள்ளும் கைக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்?

இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தமானது. கழிவுத் தொட்டிக்குள் எவரையும் இறங்கச் சொல்லாதீர்கள். பணம் கூடக் கொடுக்கிறேன் என்று ஆசை காட்டாதீர்கள். உள்ளே தேங்கும் காற்று கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல் நாறும். அதிகமாகி விட்டாலோ மூக்கின் உணர்ச்சியே செத்து விடும். ஆகவே நாற்றமில்லை, இறங்கலாம் என்று எண்ணுவது மரணத்தின் வாசல். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கிய மற்றவரும் மாண்டு போகிறார். தாய்நாட்டில் தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் இப்படி மடிந்த ஏழைகள் பலர். இந்தியாவில் 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் இதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. இப்படி மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆனால் போன உயிருக்கு எந்த லட்சம் ஈடாகும்? ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்று திருக்குர்ஆன் எச்சரிப்பதை மறக்கலாமா?

அண்டை வீட்டாரின் உரிமை

தொட்டி நிரம்பி விட்டால், காசு செலவாகும் என்று இரவோடு இரவாகக் கால்வாயில் திறந்து விடுவோர் உண்டு. மக்கள் நடக்கும் பாதையிலும் தங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைக் கொண்டு வரும் செயல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்தார்கள். 1854ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ஒரு தெருவில் காலரா கண்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, ஜான் ஸ்னோ என்ற டாக்டர் அந்தத் தெருக் குழாய்த் தண்ணீரே காரணம் என்று கண்டார். பக்கத்து வீட்டுக் கழிவுக்குழி அந்தக் கிணற்றுக்குள் கசிந்திருந்தது. ஒரு வீட்டின் குழி ஒரு தெருவையே கப்ருக்கு அனுப்பியது. நம் ஜொகூரிலேயே 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அவ்வட்டாரப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கொட்டுபவன் தன் வாசலைத்தான் சுத்தம் செய்கிறான். நாசம் மற்றவர் வாசலுக்குப் போகிறது. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ, அவர் முஃமினாக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

வருமுன் காத்தல்

அடைப்பு தானாக வருவதில்லை. நம் கையால் வருகிறது. கந்தூரியிலும் பெருநாளிலும் மிஞ்சிய சோற்றையும் நெய்ச்சட்டி எண்ணெயையும் கக்கூஸில் கொட்டுகிறோம். எண்ணெய் குழாயில் உறைந்து கல்லாகிறது. சோறு ஊறிப் பருக்கிறது. அதோடு உணவை வீணாக்கிய குற்றமும் சேர்கிறது. குழந்தையின் அணைத்துணி, பெண்களின் மாதாந்தரத் துணி, ஈரக் காகிதம், பஞ்சு, தலைமயிர் ஆகிய இவற்றுக்கெல்லாம் மூடியுள்ள ஒரு கூடையைக் கக்கூஸ் மூலையில் வைத்து விட்டால் போதும். இந்தச் சின்னக் கூடைக்குச் சில வெள்ளிதான் ஆகும். பள்ளிவாசலிலும் சூராவிலும் இப்படியொரு கூடை வைக்க ஜமாஅத்தார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நம் தாழ்மையான யோசனை.

சகோதரர்களே! கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களைப் பற்றிச் சரித்திர நூல்களில் ஒரு வரலாறு உண்டு. அவர் குடிக்கத் தண்ணீர் எடுத்தபோது, பக்கத்தில் இருந்த இப்னு ஸம்மாக் என்னும் பெரியார், இந்தத் தண்ணீர் உமக்குத் தடுக்கப்பட்டால் எவ்வளவு கொடுத்து வாங்குவீர் என்று கேட்டார். என் ராஜ்யத்தில் பாதியைக் கொடுப்பேன் என்றார் கலீஃபா. குடித்த பின், இது உம் உடம்பை விட்டு வெளியேறாமல் நின்று விட்டால் என்ன கொடுப்பீர் என்று கேட்டார். மீதி ராஜ்யத்தையும் கொடுப்பேன் என்றார். அப்படியானால் ஒரு மிடறு தண்ணீரும் ஒரு முறை சிறுநீரும்தான் இந்த ராஜ்யத்தின் விலை என்று அந்தப் பெரியார் சொல்ல, கலீஃபா அழுதார்.

உட்செல்வதும் நிஃமத்து, வெளியேறுவதும் நிஃமத்து. அதனால்தான் பைத்துல் கலாவை விட்டு வெளியே வரும்போது அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோரும் துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். இத்தனை பெரிய நிஃமத்துக்கு நாம் செலுத்தும் நன்றி போதாது என்பதற்காகவே அந்த மன்னிப்பு என்று ஆலிம்கள் விளக்கம் சொல்வார்கள். உடம்பின் வழியைத் திறந்து வைத்திருப்பவன் அல்லாஹ். வீட்டின் வழியைத் திறந்து வைக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் கழிவுத் தொட்டியை எப்போது காலி செய்தோம் என்று கணக்குப் பாருங்கள். ரப்பர்க் கிண்ணம் ஒன்றும், மூடியுள்ள கூடை ஒன்றும், கையுறை ஒரு ஜோடியும் வாங்கி வையுங்கள். தனியாக வாழும் முதியவர், விதவை முதலியோரின் வீடுகளில் இந்தத் தொல்லை உண்டா என்று ஜமாஅத்து வாலிபர்கள் சென்று விசாரித்து உதவுங்கள். சுத்தத்தை விரும்புவோரை அல்லாஹ் நேசிக்கிறான் என்பது மறைவாக்கின் கருத்து. குபா பள்ளியைச் சார்ந்தோரை அந்தச் சுத்தத்துக்காகவே திருக்குர்ஆன் புகழ்ந்து பேசுகிறது. அந்தக் கூட்டத்தாரில் நம்மையும், நம் மனைவி மக்களையும், நம் ஊராரையும் அல்லாஹு தஆலா சேர்த்து வைப்பானாக! நம் உடலையும், உடையையும், வீட்டையும், உள்ளத்தையும் அழுக்குகளினின்றும் தூய்மையாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.